கோப்பியா, தேத்தண்ணியா, மல்லித்தண்ணியா? வன்னி வீட்டுக்கு எது பொருந்தும்

"அம்மாவுக்குப் பிறசர். கோப்பியை நிப்பாட்டித் தேத்தண்ணிக்கு மாற்றினால் போதுமா?" "மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரவில் கோப்பி கேட்கிறாள், கொடுக்கலாமா?" "வயிற்றில் பிள்ளையோடு ஒரு வாய் கோப்பிகூடக் குடிக்கக்கூடாது என்று மாமி சொல்கிறார், உண்மையா?"

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆனாலும் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் கோப்பிக் கொட்டை செய்கிற கெடுதல் கொஞ்சம்தான். அதோடு போடுகிற சீனி, அதைக் குடிக்கிற நேரம், அதைக் குடித்துவிட்டுத் தவறவிடுகிற காலைச் சாப்பாடு, இந்த மூன்றும் செய்கிற கெடுதல் பெரிது. எதைத் தெரிவு செய்தாலும் இந்த மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## எவற்றை வைத்துப் பார்ப்பது

முதலில் கஃபீன். நித்திரையை விரட்டுவதும் நெஞ்சைப் படபடக்க வைப்பதும் இதுதான். 240 மில்லிலீற்றர் வடித்த கோப்பியில் ஏறக்குறைய 95 மில்லிகிராம் கஃபீன் இருக்கும். அதே அளவு உடனடிக் கோப்பியில் 60 போல, தேத்தண்ணியில் 45 தொடக்கம் 50 வரை. சுகதேகியான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பயமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

இரண்டாவது, நேரம். உடலுக்குள் போன கஃபீனில் பாதி கழிய ஐந்து மணித்தியாலம் போல எடுக்கும். பின்னேரம் 4 மணிக்கு 100 மில்லிகிராம் உள்ளே போனால் இரவு 9 மணிக்கு 50 மிஞ்சும், அதிகாலை 2 மணிக்கும் 25 ஓடிக்கொண்டிருக்கும். படுக்கப்போவதற்கு 6 மணித்தியாலம் முன்னர் எடுத்த 400 மில்லிகிராம் கஃபீன் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலான தூக்கத்தைப் பறித்தது என்று 2013இல் வந்த ஆய்வொன்று காட்டியது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பாதி கழிய 15 மணித்தியாலம்கூட ஆகலாம்.

மூன்றாவது, சீனி. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்குச் சேர்க்கிற சீனியின் மேலெல்லை 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது. தட்டையாக ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம் போல வரும். கோப்பைக்கு மூன்று கரண்டி, நாளைக்கு நான்கு கோப்பை என்றால் 48 கிராம். பாணில் பூசுகிற ஜாம், பிஸ்கற், சோடா எதையும் தொடாமலே எல்லைக்கு வந்துவிட்டோம். எங்கள் கரண்டியோ தட்டையாக இருப்பதில்லை, குவிந்துதான் இருக்கும்.

நான்காவது, இரத்தத்துக்குப் போக வேண்டிய இரும்புச்சத்து. ஐந்தாவது, வயிறு. ஆறாவது, கிணற்றுத் தண்ணீர். இந்தக் கடைசி விடயத்தை வெளிநாட்டுக் கட்டுரைகளில் பார்க்க முடியாது, எங்களுக்கு அது முக்கியம்.

## வீட்டில் வறுத்து இடித்த கோப்பி

வன்னியின் வரட்சிக்குக் கோப்பிச் செடி வளராது. மலைநாட்டிலிருந்து வருகிற கொட்டையைச் சந்தையில் வாங்கி, தாச்சியில் வறுத்து, மல்லி, வேர்க்கொம்பு, சிலர் மிளகும் நற்சீரகமும் சேர்த்து, உரலில் இடித்து அரித்துப் போத்தலில் அடைப்பது எங்கள் வழக்கம். என்ன கொட்டை என்பதில் விடயம் இருக்கிறது. ரொபஸ்டா வகைக் கொட்டையில் அரபிக்கா வகையைப்போல் இரண்டு மடங்கு கஃபீன் உண்டு. அதே நேரம், இடித்த தூளில் பாதி மல்லி என்றால் அந்தக் கரண்டியில் கஃபீனும் பாதிதான். ஆகவே "வீட்டுக் கோப்பி கடும்" என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எவ்வளவு மல்லி போட்டீர்கள் என்பது இடித்தவருக்குத்தான் தெரியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கோப்பியைப் பற்றி எங்கள் ஊரில் பயம் கூட. 2017இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த பெரிய மீளாய்வு, இருநூறுக்கு மேற்பட்ட ஆய்வுத் தொகுப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. நாளைக்கு மூன்று, நான்கு கோப்பை கோப்பி குடிப்பவர்களிடம் ஈரல் நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பாக்கின்சன் நோய் எல்லாம் குறைவாக இருப்பதாக அதில் தெரிந்தது. இவை பெரும்பாலும் மக்களை அவதானித்துச் செய்த ஆய்வுகள். கோப்பிதான் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், கோப்பி மெல்லக் கொல்கிற நஞ்சு என்ற எண்ணத்துக்கு அவற்றில் இடமில்லை. புற்றுநோய்ப் பயமும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1991இல் கோப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது, 2016இல் அதிலிருந்து எடுத்துவிட்டது. அப்போது அது எச்சரித்தது வேறொன்றைப் பற்றி: 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று. இரண்டு கோப்பையில் மாற்றி மாற்றி ஆற்றிக் குடிக்கிற எங்கள் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மறைந்திருக்கிற செலவு என்ன? கோப்பித் தூளின் எண்ணெய்ப் பிசுக்கில் கஃபெஸ்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும். தாள் வடியில் வடித்தால் அது தாளிலேயே நின்றுவிடும். நாங்கள் தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மண்டி இறங்கியதும் குடிக்கிறோம், அதனால் அது அப்படியே உள்ளே போகிறது. கொலஸ்ட்ரோல் கூடியவர்கள் நல்ல துணி வடியில் ஒருமுறை வடித்துக் குடிப்பது நல்லது. தாள் வடி கிடைத்தால் இன்னும் நல்லது. மற்றச் செலவு வேலை. வறுப்பதும் இடிப்பதும் அநேகமாக வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது, கணக்கில் அதையும் போட வேண்டும்.

வயிற்றைப் பற்றி: வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது அளவுக்கு மீறி விழுங்குகிற நோவுக் குளிசைகள். கோப்பி அதற்குக் காரணமாவதில்லை. ஆனால் ஏற்கெனவே புளித்த ஏப்பமும் நெஞ்செரிவும் இருப்பவருக்கு அது கூடக்கூடும். மிளகும் வேர்க்கொம்பும் சேர்ந்த கோப்பி இன்னும் எரிக்கும். காலை 5 மணிக்கு ஒரு கோப்பியோடு வயலுக்கு இறங்கி, 11 மணிவரை வேறொன்றும் சாப்பிடாமல் நிற்கிறவர் "கோப்பிதான் வயிற்றைக் கெடுத்தது" என்று சொன்னால், அவருக்கு நான் முதலில் கொடுக்கச் சொல்வது இரண்டு இடியப்பமோ கொஞ்சம் பழஞ்சோறோதான்.

எப்போது இது நல்ல தெரிவு: காலை, முற்பகல் வேளைகளில், சீனி குறைத்து, சாப்பாட்டிலிருந்து தள்ளிக் குடிக்கிற, பிறசர் கட்டுப்பாட்டில் உள்ள பெரியவருக்கு.

## உடனடிக் கோப்பியும் மூன்றும் கலந்த பக்கற்றும்

இரண்டையும் ஒன்றாக நினைப்பது தவறு.

போத்தலில் வருகிற உடனடிக் கோப்பித் தூளில் கஃபீன் குறைவு, கொலஸ்ட்ரோலைக் கூட்டும் அந்த எண்ணெய்ப் பொருளும் மிகக் குறைவு. சீனியை நீங்களே அளந்து போடலாம். உடம்பைப் பொறுத்தவரை இது மோசமான பொருள் இல்லை. வாசனையில் வீட்டுக் கோப்பிக்குக் கிட்ட வராது, அது வேறு விடயம்.

கோப்பி, சீனி, பால் மூன்றும் கலந்த சின்னப் பக்கற்றில்தான் எனக்கு மனக்குறை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடையின் ஒழுங்கில்தான் எழுத வேண்டும், கூட இருப்பது முதலில் வரும். பெரும்பாலான பக்கற்றுகளில் முதல் இரண்டு இடங்களைச் சீனியும் கிறீமரும் பிடித்திருக்கும், கோப்பி அதற்குப் பிறகுதான். கிறீமர் என்பது பெரும்பாலும் குளுக்கோசுப் பாகும் பாம் வகை எண்ணெயும் சேர்த்துச் செய்த தூள். பால்மாவில் கிடைக்கிற புரதமும் கல்சியமும் அதில் கிடைக்காது. நீரிழிவு உள்ளவர் "நான் சீனி போடுவதே இல்லை, பக்கற் கோப்பிதான்" என்று கிளினிக்கில் சொன்னால், சீனி பக்கற்றுக்குள்ளேயே இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஏ9 வீதியில் இரவு லொறி ஓட்டுகிறவருக்கும், கொதிதண்ணீர் மட்டும் கிடைக்கிற இடத்தில் வேலை செய்கிறவருக்கும் இந்தப் பக்கற்றின் வசதி புரிகிறது. அவர்கள் ஒரு சின்னப் போத்தலில் வெறும் உடனடித் தூளைக் கொண்டுபோனால் வசதியும் மிஞ்சும், சீனியும் குறையும்.

எப்போது இது நல்ல தெரிவு: அவசரத்துக்கு, கொலஸ்ட்ரோல் உள்ளவருக்கு, கஃபீனை அளந்து குடிக்க வேண்டியவருக்குத் தனித் தூள். பக்கற்றை அன்றாடப் பானமாக எவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

## தேத்தண்ணி

எங்களிடம் தேத்தண்ணி இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்குப் பின்னால் கோப்பியின் கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாடு கோப்பித் தோட்டமாகத்தான் இருந்தது. அந்தத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்க, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் அந்த நடைபாதையால் போனவர்கள்தான். எங்கள் கோப்பையில் இருக்கிற இரண்டு பானங்களுக்குள்ளும் அவர்களின் உழைப்பு இருக்கிறது.

சரி, உடம்புக்கு வருவோம். கஃபீன் கோப்பியில் பாதிதான். அதனால் படபடப்புக்காரருக்கும் பின்னேரத்துக்கும் தேத்தண்ணி பாதுகாப்பு. ஆனால் இரண்டு இடத்தில் இது கோப்பியைவிடப் பின்தங்குகிறது, இரண்டுமே வன்னிக்குப் பெரிய விடயங்கள்.

ஒன்று, இரும்புச்சத்து. ஒரே சாப்பாட்டோடு கொடுத்துப் பார்த்தபோது, உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தேத்தண்ணி நூற்றுக்கு 60க்கு மேலும், கோப்பி 40க்குக் கிட்டவும் குறைத்தது. கோப்பியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோதும் குறைவு அப்படியே இருந்தது, சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் குடித்தபோது பாதிப்பு இல்லை. சோறு, பருப்பு, கீரையிலிருந்து கிடைக்கிற இரும்புதான் கூடப் பாதிக்கப்படுகிறது, மீன், இறைச்சியிலுள்ளது அவ்வளவு இல்லை. மீனும் இறைச்சியும் எப்போதாவதுதான் சமைக்கிற வீட்டில், முருங்கையிலையும் பருப்பும் சாப்பிட்ட கையோடு ஒரு வெறுந்தேத்தண்ணி குடித்தால் அந்த முருங்கையிலையின் பலனில் பெரும்பகுதி வீண். மாதவிலக்கு வருகிற பெண்களும், வளருகிற பிள்ளைகளும், கர்ப்பிணிகளும் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன், அல்லது இரண்டு மணித்தியாலம் பின் என்று தள்ளி வையுங்கள். சாப்பாட்டோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

கைக்குழந்தைக்குப் போத்தலில் வெறுந்தேத்தண்ணி கொடுக்கிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த வயதில் இரத்தச்சோகை மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

இரண்டாவது, புளோரைட். வவுனியா உட்பட வரண்ட வலயத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைட் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைச் சிறுவயதிலிருந்து குடித்தவர்களின் பற்களில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் விழுகின்றன. தேயிலைச் செடியோ நிலத்திலிருந்து புளோரைட்டை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிற செடி. கடும் சாயத் தேத்தண்ணி ஒரு லீற்றரில் அதுவே ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். ஏற்கெனவே புளோரைட் கூடிய தண்ணீரில் தேயிலை போடும்போது இரண்டும் சேருகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறிவாகும். இந்த விடயத்தில் கோப்பியும் மல்லியும் தேத்தண்ணியைவிட மேல். உங்கள் கிணற்றை எங்கே பரிசோதிக்கலாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அளவு கூட என்றால், சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டுமல்லாமல் தேத்தண்ணிக்கும் புளோரைட் நீக்கிய குடிநீரைத்தான் பாவிக்க வேண்டும். "கொதிக்கிறதுதானே" என்று தேத்தண்ணிக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீரை எடுக்கிற வீடுகள் இருக்கின்றன, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தேத்தண்ணியின் மேலே ஆடைபோல் ஒரு படலம் மிதந்தால் அது தண்ணீரின் கல்சியத்தன்மையால் வருவது, புளோரைட்டுக்கு அது அடையாளமில்லை. புளோரைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பால்தேத்தண்ணி என்றால் பால்மாவின் சத்தும் சேரும், சீனியும் சேரும். வெறுந்தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கிற பழைய முறை எனக்குப் பிடிக்கும். பனங்கட்டியும் சீனிதான், நீரிழிவு உள்ளவருக்கு அதில் விலக்கு இல்லை. ஆனால் ஒரு சின்னத் துண்டோடு ஒரு கோப்பை முடிந்துவிடுகிறது, மூன்று கரண்டி கரைத்துக் குடிப்பதைவிட அது குறைவு.

எப்போது இது நல்ல தெரிவு: பிறசர் மிகக் கூடியவருக்கு, பின்னேரத்துக்கு, கோப்பிக்குப் படபடப்பவருக்கு. தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும், சாப்பாட்டிலிருந்து தள்ளியும் இருக்க வேண்டும்.

## மல்லித்தண்ணி

மல்லியையும் வேர்க்கொம்பையும் வறுத்து அவித்த தண்ணீரில் கஃபீன் இல்லை. இரவில் சூடாக ஏதாவது குடிக்க வேண்டும் என்கிறவருக்கும், கர்ப்பிணிக்கும், பிள்ளைகளுக்கும் இதைவிட நல்ல பானம் எங்கள் குசினியில் இல்லை. சீனியைப் போட்டால் மட்டும் கதை பழையபடி.

காய்ச்சலுக்கு மல்லி குடிப்பது நல்லது, நீர்ச்சத்து போகாமல் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் அதை மருந்து என்று நம்பி டொக்டரிடம் போகாமல் இருக்கக்கூடாது. டெங்கு என்று சந்தேகம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் அந்த நிறம் மறைத்துவிடும். அந்த நாட்களில் கோப்பியும் வேண்டாம், கறுக்க வறுத்த மல்லியும் வேண்டாம். இளநீர், கஞ்சி, ஜீவனி போதும்.

## ஒரே பார்வையில்

| | வீட்டுக் கோப்பி | உடனடித் தூள் | கலந்த பக்கற் | தேத்தண்ணி | மல்லித்தண்ணி |
|---|---|---|---|---|---|
| கஃபீன் | கூட (மல்லி கலந்தால் குறையும்) | நடுத்தரம் | நடுத்தரத்துக்குக் கீழ் | குறைவு | இல்லை |
| சீனி | உங்கள் கையில் | உங்கள் கையில் | உள்ளேயே இருக்கிறது | உங்கள் கையில் | உங்கள் கையில் |
| இரும்புச்சத்துத் தடை | உண்டு | உண்டு | உண்டு | மிகக் கூட | கவலைப்படும் அளவுக்கு இல்லை |
| கொலஸ்ட்ரோல் | வடிக்காவிட்டால் கூட்டும் | பயமில்லை | கிறீமரைக் கவனியுங்கள் | பயமில்லை | பயமில்லை |
| நெஞ்செரிவு | கூட்டலாம் | கூட்டலாம் | கூட்டலாம் | ஓரளவு | வேர்க்கொம்பு கூடினால் எரிக்கும் |
| புளோரைட் கூடிய தண்ணீர் | தண்ணீரில் உள்ளது மட்டும் | தண்ணீரில் உள்ளது மட்டும் | தண்ணீரில் உள்ளது மட்டும் | இலையிலிருந்தும் சேரும் | தண்ணீரில் உள்ளது மட்டும் |

## கேட்டவர்களுக்கு

பிறசர் உள்ள அம்மா. எவ்வளவு என்பதுதான் கேள்வி. 2022இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்றில் 160க்கு 100 அல்லது அதற்கு மேல் பிறசர் இருந்தவர்களில், நாளைக்கு இரண்டு கோப்பை அல்லது அதற்கு மேல் கோப்பி குடித்தவர்கள் இருதய, இரத்தக்குழாய் நோயால் சாகிற ஆபத்து இரட்டிப்பாக இருந்தது. ஒரு கோப்பை குடித்தவர்களிடம் அப்படிக் காணவில்லை, பச்சைத் தேயிலை குடித்தவர்களிடமும் காணவில்லை. ஆகவே குளிசையால் கட்டுப்பாட்டில் இருந்தால் காலையில் ஒரு கோப்பியை அம்மாவிடமிருந்து பறிக்க வேண்டாம். கட்டுப்பாட்டில் இல்லை என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள், மற்ற வேளைகளுக்கு மல்லி அல்லது மெல்லிய தேத்தண்ணி. கிளினிக்குக்குப் போகிற காலையில் பிறசர் பார்ப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னராவது கோப்பி குடிக்காமல் இருக்கட்டும், அல்லாவிட்டால் அளவு கூடக் காட்டும். கருவாடும் ஊறுகாயும் தட்டில் நிற்க, கோப்பியை மட்டும் நிப்பாட்டிப் பிறசரை இறக்க முடியாது.

கர்ப்பிணி. மாமி பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, ஆனால் ஒரு கோப்பை கோப்பி தடையில்லை. 200 மில்லிகிராம் எல்லைக்குள் அது அடங்கும், தேத்தண்ணியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உங்களுக்கு இதைவிட முக்கியம் குடும்பநல உத்தியோகத்தர் தருகிற இரும்புச்சத்துக் குளிசை. அதைக் கோப்பியோடோ தேத்தண்ணியோடோ பால்மாவோடோ ஒருநாளும் விழுங்க வேண்டாம். வெறும் தண்ணீர், அல்லது தேசிக்காய்த் தண்ணீர். தைரொயிட் குளிசை எடுக்கிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடு: வெறுவயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் கழிந்த பிறகுதான் கோப்பி.

உயர்தரப் பிள்ளை. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாள் எல்லை 150 மில்லிகிராம். பின்னேரம் 3 மணிக்கு முன் ஒரு கோப்பி குடிக்கட்டும். இரவு 10 மணிக்குக் கோப்பி குடித்து 1 மணிவரை படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன், படித்தது மனத்தில் பதிவது நித்திரையில்தான். எட்டு மணிக்குப் படுத்து மூன்றரைக்கு எழும்புகிற பிள்ளைக்கு விடிய ஒரு கோப்பி கொடுப்பது எவ்வளவோ மேல். கடையில் தகரக் குவளையில் விற்கிற சக்திப் பானங்களை வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள், கஃபீனும் சீனியும் ஒன்றாக வருகிற வழி அது.

வயற்காவல், இரவு வேலை. யானைக்கும் பன்றிக்கும் பரணில் விழித்திருப்பவருக்குக் கோப்பி உண்மையிலேயே பாதுகாப்பு. கஃபீன் முழுமையாக ஏற அரை மணித்தியாலத்திலிருந்து ஒரு மணித்தியாலம் செல்லும். ஆகவே கண் செருகிய பிறகு குடிக்காமல், காவல் தொடங்கும்போதே அரைக் கோப்பையும் நள்ளிரவில் அரைக் கோப்பையும் என்று பிரித்துக் குடியுங்கள். விடியப் படுக்க வேண்டும் என்றால் அதிகாலை 2 மணிக்குப் பிறகு வேண்டாம். வாகனம் ஓட்டுகிறவர் ஒரு கோப்பி குடித்துவிட்டு இருபது நிமிடம் கண் அயர்ந்தால் எழும்பும்போது இரண்டும் சேர்ந்து உதவும். அதற்கும் மேல் கண் செருகினால் ஓரமாக நிறுத்திப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பகல் வெயிலில் வயலில் நிற்பவர். கோப்பி உடம்பைக் காயவைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், பழகியவருக்கு ஒன்றிரண்டு கோப்பையால் அப்படி ஆகாது. ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டிய இடத்தில் கோப்பியும் தேத்தண்ணியும் மட்டும் போனால் உடம்பு வற்றும். வரண்ட வலயத்தில் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளைத்தான் கூடுதலாகத் தாக்குகிறது. நல்ல தண்ணீர்ப் போத்தல் ஒன்று மண்வெட்டியோடு சேர்ந்து வயலுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு எவ்வளவு நீர், எவ்வளவு பொட்டாசியம் என்ற கட்டுப்பாடு இருக்கும். கோப்பியில் பொட்டாசியம் உண்டு, அவர் கிளினிக்கில் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

நித்திரை வராதவர், மனம் பதறுகிறவர். 2009இன் போரைக் கடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் இன்றும் இரவில் திடுக்கிட்டு எழும்புகிறார்கள். சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கிறது, கை நடுங்குகிறது. இரவு நித்திரை இல்லாததால் பகலில் கோப்பி, பகல் கோப்பியால் இரவும் நித்திரை இல்லை. கஃபீன் கூடும்போது வருகிற படபடப்பும் மனப்பதற்றத்தின் படபடப்பும் உடம்புக்கு ஒரே மாதிரித்தான் தெரியும், ஒன்று மற்றதைக் கிளப்பிவிடும். இவர்களுக்கு என் தெரிவு தெளிவானது: காலையில் ஒரு மெல்லிய கோப்பியோ தேத்தண்ணியோ, மத்தியானத்துக்குப் பிறகு மல்லித்தண்ணி மட்டும். பானத்தை மாற்றினால் அந்த வேதனை போய்விடும் என்று நான் சொல்லவில்லை. மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது, போவதில் ஒரு குறையும் இல்லை. கோப்பியைக் குறைப்பது அங்கே கிடைக்கிற உதவி வேலை செய்ய இடம் கொடுக்கும்.

## மாறப்போகிறீர்கள் என்றால்

ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கும், எரிச்சல் வரும், உடம்பு சோரும். இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள்வரை நீடிக்கும். விரதம் பிடிக்கிற நாட்களில் வருகிற தலையிடிக்குப் பலருக்கு இதுவும் ஒரு காரணம். தலையிடிக்குப் பயந்து பழையபடி கோப்பிக்கு ஓடுவதும் இதனால்தான். ஆகவே மெல்லக் குறையுங்கள்: முதல் கிழமை பின்னேரக் கோப்பியைத் தேத்தண்ணியாக்குங்கள், அடுத்த கிழமை அந்தத் தேத்தண்ணியை மல்லியாக்குங்கள். காலைக் கோப்பியைக் கடைசியாகத் தொட்டால் போதும், தொடாமலே விட்டாலும் பலருக்குப் பிழையில்லை.

வீட்டில் இடிக்கிறவர்களுக்கு இன்னும் இலகுவான வழி இருக்கிறது. ஒவ்வொரு முறை வறுக்கும்போதும் கொட்டையைக் கொஞ்சம் குறைத்து மல்லியைக் கொஞ்சம் கூட்டுங்கள். சீனியிலும் அரைக் கரண்டி, அரைக் கரண்டியாக இறங்குங்கள். சில கிழமைகளில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய இனிப்பைக் குடித்தால் தெவிட்டும். பிள்ளைகளின் கோப்பையில் இதை முதலில் தொடங்குங்கள், பெரியவர்களின் நாக்கைவிட அவர்களின் நாக்கு சீக்கிரம் மாறும்.